பழைய பாலத் தளத்துக்குக் கான்கிரீட் மேலடுக்கு: நீண்ட நாள் உழைக்கும்படி போடுவது எப்படி

ஒரு பாலத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் தளம்தான். தூண்களும் உத்தரங்களும் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும் நிலையில் இருக்கும்போதே, சக்கரமும் மழைநீரும் உப்பும் நேராக விழும் தளம் விரிசல் விட்டு, உள்ளே கம்பி துருப்பிடித்து, மேல்பரப்பு பெயர ஆரம்பித்துவிடும். அதை மொத்தமாக இடித்துக் கட்டினால் போக்குவரத்தை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டிவரும். அதனால்தான் கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, சுமார் 30 முதல் 75 மிமீ தடிப்பில், நீரும் உப்பும் எளிதில் புகாத ஒரு கான்கிரீட்டை மேலே போடும் வழக்கம் வந்தது. இதைத்தான் ஓவர்லே அல்லது மேலடுக்கு என்கிறோம். லேட்டக்ஸ் என்ற பாலிமர் குழம்பு கலந்த கான்கிரீட் மேலடுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செபாய்கன் ஊர்ப் பாலத்தில் 1957இலேயே போடப்பட்டது. ஆக, இது புதிய வித்தை ஒன்றும் இல்லை.

இந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, எந்தக் கலவை சிறந்தது என்ற வாதம்தான் மணிக்கணக்கில் நடக்கும். ஆனால் சீக்கிரம் கெட்டுப்போன மேலடுக்கைத் தோண்டிப் பார்த்தால் கலவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கீழே விட்டுவைத்த உப்பு, சரியாகத் தயார் செய்யாத பரப்பு, போட்ட முதல் சில மணி நேரத்தில் காய்ந்துபோன மேற்புறம் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். அதனால் இங்கே கலவைக்கு அளவோடு இடம் தந்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகளைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

தளம் எப்படிக் கெடுகிறது

கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. பனி உருக்கத் தூவும் உப்பிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ வரும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல இறங்கி, கம்பி மட்டத்தில் ஓர் அளவைத் தாண்டியதும் அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் மேல்கம்பி மட்டத்தில் கிடைமட்டமாக விரிசல் ஓடி, மேலே உள்ள கான்கிரீட் ஒரு பலகைபோலப் பிரிந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கொஞ்ச நாளில் அந்த இடம் பெயர்ந்து குழியாகும்.

இதிலிருந்து ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கு புதிதாக உப்பும் நீரும் இறங்குவதைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே கம்பியைச் சுற்றி உப்பு ஏறியிருந்தால், அதை மூடி வைப்பதால் துரு நின்றுவிடாது. வேகம் குறையலாம், அவ்வளவுதான்.

படி 1: தளத்துக்கு மேலடுக்கு பொருந்துமா என்று பார்ப்பது

முதலில் பாலத்துக்கு அடியில் போய்ப் பாருங்கள். தளத்தின் அடிப்பரப்பில் ஈரக்கறை, வெள்ளைப் படிவம், துருக்கறை, பெயர்ந்த கான்கிரீட் எல்லாம் பரவலாக இருந்தால், தளம் முழுத் தடிப்புக்கும் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அங்கே மேலடுக்கு போடுவது வீண். அத்தகைய இடங்கள் சிறு பகுதிகளாக இருந்தால் அவற்றை மட்டும் முழு ஆழத்துக்கு வெட்டி எடுத்து நிரப்பலாம். தளத்தில் பெரும்பகுதி அப்படி என்றால் புதுத் தளத்துக்குக் கணக்குப் போடுவதே நல்லது.

அடுத்து சங்கிலி இழுப்பது. கனமான இரும்புச் சங்கிலியைத் தளத்தின் மேல் இழுத்துக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்று ஒரே சீரான ஒலி வரும். பிரிந்த இடத்துக்கு வந்ததும் அது மந்தமாக, பொள்ளலாக மாறும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வட்டமிட்டு, சுத்தியலால் தட்டி உறுதி செய்து, வரைபடத்தில் ஏற்ற வேண்டும். பழமையான முறைதான்; ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பில் டி 4580 என்று இதற்குத் தரநிலையே உண்டு. பக்கத்துத் தடத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் காது ஏமாறும் என்பது இதன் பலவீனம். தளத்தின் மேல் தார் இருந்தாலும் இது வேலைக்கு ஆகாது. ரேடார் போன்ற கருவிகளை நாட வேண்டும்.

சங்கிலி ஏற்கெனவே பிரிந்ததைத்தான் காட்டும். இனி பிரியப்போகும் இடத்தைத் தெரிந்துகொள்ள, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனை வேண்டும். செம்பு - செம்பு சல்பேட் மின்முனையை வைத்து, தளம் முழுக்கச் சுமார் 1 மீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு அளப்பார்கள். ஏஎஸ்டிஎம் சி 876 வழக்கப்படி, அளவு மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்கு மேலே, பூஜ்ஜியத்தை நோக்கி இருந்தால் துரு இல்லாதிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 350ஐத் தாண்டிக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்க அதே 90க்கு மேல். நடுவில் இருப்பது இரண்டும்கெட்டான். எபாக்ஸி பூசிய கம்பி உள்ள தளத்தில் இந்த எண்களை நம்ப வேண்டாம். கம்பிகளுக்குள் மின்தொடர்ச்சி இருக்காது.

மூன்றாவது, குளோரைடு. தளத்தில் பல இடங்களில் துளையிட்டு, ஆழம் ஆழமாகத் தூள் எடுத்துச் சோதிக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் எடுத்த மாதிரியால் பயனில்லை. கம்பி இருக்கும் ஆழத்தில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பூச்சில்லாத சாதாரணக் கம்பிக்கு ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சுமார் 0.6 முதல் 0.9 கிலோ குளோரைடு வரை ஆபத்து எல்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கூடவே கவர் மீட்டரால் கம்பிக்கு மேல் எத்தனை மிமீ கான்கிரீட் இருக்கிறது என்றும் அளந்துவிடுங்கள். வரைபடத்தில் 50 என்று போட்டிருக்கும், தளத்தில் 25தான் இருக்கும். இது தெரியாமல், மேற்பரப்பைச் சுரண்டும் மில்லிங் எந்திரத்தை இறக்கினால் பல் நேராகக் கம்பியில் மாட்டி, அதைச் சுற்றியுள்ள நல்ல கான்கிரீட்டின் பிடிப்பையும் உலுக்கிவிடும்.

கடைசியாக எடை. 40 மிமீ மேலடுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோநியூட்டன் எடை. பழைய கான்கிரீட்டில் 15 மிமீ எடுத்துவிட்டுப் போட்டால் கூடுதல் சுமை 0.6தான். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நீண்ட இடைவெளிப் பாலத்தில், ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை தார் போட்டு ஏற்றிய தளத்தில், கணக்குப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

படி 2: எந்த வகை என்று முடிவு செய்வது

லேட்டக்ஸ் கான்கிரீட்டில் ஸ்டைரீன் பியூட்டடைன் என்ற பாலிமர், பால்போன்ற குழம்பு வடிவில் சேர்க்கப்படுகிறது. சிமெண்ட் இறுகும்போது பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நுண்துளைகளில் படலமாகப் படிகின்றன. அதனால் நீர் புகுவது குறைகிறது, பழைய கான்கிரீட்டோடு பிடிப்பு கூடுகிறது, இழுவிசை தாங்கும் திறனும் கொஞ்சம் ஏறுகிறது. குறைந்த தடிப்பு சுமார் 32 மிமீ. நல்லபடியாகப் போட்டவை 20 ஆண்டுகளைத் தாண்டி உழைத்திருக்கின்றன. விலை கூடுதல், கையாளும் நேரம் குறைவு, பழகிய ஆட்கள் தேவை.

சிலிக்கா ஃப்யூம் என்பது சிமெண்ட் துகளைவிடச் சுமார் 100 மடங்கு நுண்ணிய தூள். சிமெண்ட் எடையில் 7 முதல் 10 விழுக்காடு சேர்த்தால் கான்கிரீட்டின் உள்துளைகள் அடைபட்டு, குளோரைடு ஊடுருவல் வெகுவாகக் குறைகிறது. சாதாரண ஆலையில் கலந்து, சாதாரண லாரியில் கொண்டுவரலாம் என்பது பெரிய வசதி. இதற்கு உள்ள ஒரே சிக்கல், ஆனால் பெரிய சிக்கல், போட்ட கலவையிலிருந்து மேலே ஊறிவரும் கசிநீர் இதில் வராது என்பது. காற்று கொஞ்சம் அடித்தாலும் மேற்பரப்பு காய்ந்து வெடித்துவிடும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1960களில் வளர்ந்த, ஸ்லம்ப் (கூம்பைத் தூக்கியதும் புதுக் கலவை எவ்வளவு சரிகிறது என்ற அளவு) குறைந்த அடர்கான்கிரீட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கன மீட்டருக்கு 490 கிலோ அளவுக்கு சிமெண்ட், 25 மிமீக்கு மேல் போகாத ஸ்லம்ப், 50 மிமீ தடிப்பு. லேட்டக்ஸ், சிலிக்கா ஃப்யூம் எதன் தயவும் வேண்டாம். ஆனால் கனமான அதிர்வு ஸ்கிரீட் (கலவையை இறுக்கிச் சமன் செய்யும் எந்திரம்) இல்லாமல் இதை இறுக்க முடியாது.

இரவில் அடைத்துக் காலையில் திறக்க வேண்டிய பாலங்களுக்கு, வேகமாக இறுகும் கால்சியம் சல்போ அலுமினேட் வகை சிமெண்டோடு லேட்டக்ஸ் சேர்த்த கலவை உண்டு. சுமார் 3 மணி நேரத்தில் வண்டி விடும் வலிமை வந்துவிடும். இன்னொரு பக்கம், எஃகு இழை கலந்த அதிஉயர் செயல்திறன் கான்கிரீட். சுவிட்சர்லாந்தில் 2004இல் ஒரு சிறு பாலத்தில் தொடங்கி, 2014-15இல் 2 கிலோமீட்டருக்கும் நீளமான ஷியோன் மேம்பாலத்தில் கம்பி வைத்த மெல்லிய அடுக்காக அதைப் போட்டார்கள். அங்கே அடிக் கான்கிரீட்டில் கார - ஜல்லி வினை (சிமெண்டின் காரம் ஜல்லியோடு வினைபுரிந்து கான்கிரீட்டை வீங்க வைப்பது) தெரியவந்திருந்தது. அதனால் மேலடுக்கு நீரைத் தடுப்பதோடு தளத்தின் வலுவையும் கூட்ட வேண்டியிருந்தது. அப்படி வலுவும் சேர்த்துத் தேவைப்படும் இடத்தில் இந்தச் செலவு நியாயம். வெறும் உப்புத் தடுப்புக்கு மட்டும் என்றால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

எதை எடுத்தாலும், வலிமை கூடக் கூட ஆயுள் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய தளம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. புது அடுக்கு இப்போதுதான் சுருங்கப் பார்க்கும். கீழே இருப்பது அதை விடாது. தோராயமாக, மில்லியனில் 500 பங்கு சுருக்கம், 25 கிகாபாஸ்கல் மீள்மை என்று வைத்துப் பெருக்கினால் 12.5 மெகாபாஸ்கல் இழுவிசை வருகிறது. கான்கிரீட் தாங்குவதோ 3 சொச்சம். மெதுவாக நடக்கும் தளர்வு பெரும்பகுதியை எடுத்துவிடுவதால்தான் அடுக்கு பிழைக்கிறது. மிக விறைப்பான, சிமெண்ட் அதிகமான கலவையில் சுருக்கம் கூடும், தளர்வு குறையும், விரிசல் நிச்சயம்.

படி 3: கெட்டதை அகற்றுவது

ஆயுளில் பாதி இங்கே முடிவாகிறது என்பது என் கருத்து. மேல்பரப்பை மில்லிங் எந்திரத்தால் சுரண்டுவது வேகமானது, மலிவானது. ஆனால் அந்தப் பற்கள் அடிக்கும் அடியில், கீழே நிற்கும் கான்கிரீட்டின் மேல் சில மிமீக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஓடிவிடும். பார்த்தால் பரப்பு நல்ல சொரசொரப்பாக, ஒட்டுவதற்குத் தோதாக இருக்கும். பிறகு மேலடுக்கை இழுத்துச் சோதித்தால், இணைப்பில் விடாமல் அதற்குச் சற்றுக் கீழே, அந்த நொறுங்கிய அடுக்கில் பிய்ந்துவரும். அதனால் மில்லிங்கோடு வேலையை நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு ஷாட் பிளாஸ்டிங் (சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்துச் சுரண்டுவது) அல்லது உயர் அழுத்த நீரால் அந்த அடுக்கை எடுத்தே ஆக வேண்டும்.

நீரழுத்தத்தால் உடைப்பது, அதாவது ஹைட்ரோடெமாலிஷன், இருக்கும் முறைகளில் சிறந்தது. 100 மெகாபாஸ்கலுக்கும் மேலான அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சும்போது, வலுவிழந்த கான்கிரீட் தானாகவே ஆழமாகப் பெயரும், நல்ல கான்கிரீட் நிற்கும். நுண்விரிசல் உண்டாகாது, கம்பி அடிபடாது, அதன் துருவும் கழுவப்படும். வேலை தொடங்கும் முன் நல்ல இடம் ஒன்றிலும் கெட்ட இடம் ஒன்றிலும் சோதனை ஓட்டம் விட்டு அழுத்தத்தையும் வேகத்தையும் நிர்ணயிக்க வேண்டும். இல்லையென்றால் எந்திரம் நல்லதையும் தோண்டிக்கொண்டே போகும், மேலடுக்குக் கான்கிரீட் அளவு எகிறும். வெளிவரும் நீர் காரம் மிகுந்தது. ஆற்றில் விடாமல் பிடித்து, வடிகட்டி, காரத்தைக் குறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். இன்னொன்று, பெயர்ந்த சேற்றை அது காயும் முன் கழுவிவிடுங்கள். காய்ந்தால் சிமெண்ட் படலமாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் எதைப் போட்டாலும் நிற்காது.

கையால் உடைக்கும் இடங்களில் பிரேக்கரின் எடைக்குக் கட்டுப்பாடு வையுங்கள். பொதுவான பகுதிக்கு 15 கிலோ வகை, கம்பியை ஒட்டி 7 கிலோ வகை என்பது பரவலான வழக்கம். கம்பியின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தாலோ, அதைச் சுற்றிப் பிடிப்பு விட்டுப்போயிருந்தாலோ, கம்பிக்கு அடியிலும் 20 முதல் 25 மிமீ வரை எடுத்துவிடுங்கள். புதுக் கான்கிரீட் கம்பியைச் சுற்றி முழுக்கப் போய் அணைக்க வேண்டும். ஒரே கம்பியின் ஒரு பக்கம் புதுக் கான்கிரீட்டிலும் மறுபக்கம் உப்பேறிய பழையதிலும் இருந்தால், திட்டின் ஓரத்தில் துரு முன்னைவிட வேகம் பிடிக்கும். ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையமாகப் புதுப் பெயர்ப்பு வருவது இதனால்தான்.

அதனால் சங்கிலியில் பொள்ளலாகக் கேட்ட இடத்தை மட்டும் எடுப்பது போதாது. ஹாஃப் செல் மைனஸ் 350ஐத் தாண்டிய இடத்தையும், கம்பி மட்டத்தில் குளோரைடு எல்லை மீறிய இடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இது செலவை ஏற்றும். ஆனால் இங்கே மிச்சம் பிடித்தால் ஐந்தாறு ஆண்டில் நல்ல மேலடுக்கையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டிவரும்.

படி 4: பரப்பைத் தயார் செய்வது

அகற்றி முடித்ததும் மறுபடியும் சங்கிலியை இழுங்கள். உடைத்த அதிர்ச்சியில் புதிதாகப் பிரிந்த இடங்கள் இருக்கும். பிறகு ஷாட் பிளாஸ்ட் அல்லது மணல் பிளாஸ்ட், அதற்குப் பின் எண்ணெய் வடிகட்டி பொருத்திய காற்றுக்குழாயால் ஊதுவது. அந்த வடிகட்டியை மறக்க வேண்டாம். கம்பிரசரிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த்துளி ஒட்டுதலுக்குப் பரம எதிரி. தயாரான பரப்பின் மேல் எந்திரம் நிற்க வேண்டியிருந்தால் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள்.

ஈரம். பழைய கான்கிரீட் காய்ந்திருந்தால் புதுக் கலவையின் நீரை உறிஞ்சி, இணைப்பில் சிமெண்ட் இறுகாமல் தூளாக நிற்கும். மேலே நீர் தேங்கியிருந்தால் அந்த இடத்தில் நீர் - சிமெண்ட் விகிதம் கூடி வலுவிழக்கும். வேண்டியது, உள்ளே ஈரம் நிறைந்து மேலே உலர்ந்த நிலை. முதல் நாளே பரப்பை நனைத்து, ஈரக் கோணியோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூடி, குறைந்தது 12 மணி நேரம் வைத்திருங்கள். போடுவதற்குச் சற்று முன் விரிப்பை எடுத்து, குழிகளில் தேங்கியதைக் காற்றால் ஊதி வெளியேற்றுங்கள். கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக் கூடாது.

படி 5: நேரம் பார்ப்பது

மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீரின் வேகத்தைக் கணக்கிடச் சுலபமான சூத்திரம் ஒன்று இருக்கிறது. கான்கிரீட் வெப்பநிலையோடு 18 கூட்டி 2.5ஆம் படிக்கு உயர்த்துங்கள். காற்றின் வெப்பநிலையோடும் 18 கூட்டி அதேபோல உயர்த்தி, ஈரப்பதத்தின் தசம அளவால் பெருக்குங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, அதை 5ஆலும், மணிக்கு எத்தனை கிமீ காற்று என்பதோடு 4 கூட்டிய எண்ணாலும் பெருக்கி, 10 லட்சத்தால் வகுத்தால், சதுர மீட்டருக்கு மணிக்கு எத்தனை கிலோ நீர் போகிறது என்று வரும்.

பகலில் கான்கிரீட் 30 டிகிரி, காற்று 32, ஈரப்பதம் 50 விழுக்காடு, காற்று 20 கிமீ வேகம் என்றால் 0.85 கிலோ. அதே பாலத்தில் இரவில் கான்கிரீட் 24, காற்று 22, ஈரப்பதம் 80, வேகம் 6 என்றால் 0.17தான். ஐந்து மடங்கு வித்தியாசம்! சாதாரணக் கான்கிரீட்டுக்கு 1.0 வரை தாங்கலாம் என்பார்கள். சிலிக்கா ஃப்யூமுக்கு 0.5ஐத் தாண்டினாலே நிறுத்திவிடுங்கள், லேட்டக்ஸுக்கும் அதையே பின்பற்றினால் நல்லது. மேலடுக்கு வேலையை இரவில் வைப்பதற்குப் போக்குவரத்து ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு அதைவிடப் பெரிய காரணம். லேட்டக்ஸுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. சுமார் 7 டிகிரிக்குக் கீழே பாலிமர் படலம் ஒழுங்காக உருவாகாது.

படி 6: கலப்பதும் போடுவதும்

லேட்டக்ஸ் கலவையில் கோட்டை விடுவது பெரும்பாலும் நீர்க் கணக்கில்தான். ஒரு கன மீட்டருக்கு 390 கிலோ சிமெண்ட் என்று எடுத்துக்கொள்வோம். பாலிமர் திடப்பொருள் சிமெண்டில் 15 விழுக்காடு, அதாவது 58.5 கிலோ. குழம்பில் திடப்பொருள் 47 விழுக்காடு என்றால் குழம்பு 124.5 கிலோ வேண்டும். அதற்குள்ளேயே 66 கிலோ நீர் இருக்கிறது. நீர் - சிமெண்ட் விகிதம் 0.35 என்றால் மொத்த நீர் 136.5. மீதி 70.5. இப்போது மணலுக்கு வாருங்கள். 900 கிலோ மணலில் 4 விழுக்காடு மேல்ஈரம் இருந்தால் அதில் 36 கிலோ போய்விட்டது. ஆகச் சேர்க்க வேண்டியது 34.5 கிலோ மட்டும். மழை பெய்து மணல் ஈரம் 7 விழுக்காடானால் அது வெறும் 7.5 கிலோ! மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கச் சொல்வதும், நாளுக்கு இருமுறை ஈரம் சோதிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

லேட்டக்ஸை டிரம் லாரியில் கலக்கக் கூடாது. சுழலச் சுழல நுரைத்து, காற்று ஏறிவிடும். இடத்திலேயே கலக்கும் மொபைல் மிக்சர் வேண்டும், அதையும் வேலைக்கு முன் சிமெண்ட், மணல், ஜல்லி, குழம்பு ஒவ்வொன்றுக்கும் எடை போட்டு அளவு சரிபார்க்க வேண்டும். காற்று 6.5 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பாருங்கள். ஸ்லம்ப் 100 முதல் 150 மிமீ. கலவை வெளிவந்ததும் உடனே கூம்பைத் தூக்காதீர்கள். 4, 5 நிமிடம் அசைக்காமல் விட்டுவிட்டுச் சோதித்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும்.

போடும்போது முதலில் கொஞ்சம் கலவையைப் பரப்பில் கொட்டி, கெட்டித் துடைப்பத்தால் அதன் சாந்தை அழுத்தித் தேய்த்து, மிஞ்சும் ஜல்லியை ஒதுக்கிவிடுவார்கள். சாந்து ஈரமாக இருக்கும்போதே மேலே கான்கிரீட் வந்துவிட வேண்டும். சாந்தைத் தேய்த்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்தால் அது காய்ந்து, பிடிப்பைத் தருவதற்குப் பதிலாகப் பிரிக்கும் படலமாக மாறும். ஸ்கிரீடுக்கு முன்னால் ஓரிரு மீட்டருக்கு மேல் தேய்க்க விடாதீர்கள். நீரழுத்தத்தால் உடைத்த ஆழமான சொரசொரப்பில் இந்தச் சாந்தே பல இடங்களில் தேவைப்படுவதில்லை.

ஸ்கிரீட் போனபின் மேற்பரப்பைக் கையால் தடவிக்கொண்டே இருப்பது கெட்ட பழக்கம். லேட்டக்ஸில் 10, 15 நிமிடத்தில் மேலே தோல்போல ஒன்று படியும். அதற்குப் பிறகு சீப்பு போன்ற கருவியால் கோடு இழுத்தால் தோல் கிழிந்து, அந்தக் கிழிசல்களே விரிசலாகும். சரியான நேரத்தில் இழுக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு, இறுகிய பின் ரம்பத்தால் கோடு வெட்டுங்கள். வசதிக்காக மேலே நீர் தெளித்துத் தேய்ப்பவரைக் கண்டால் கருவியைப் பிடுங்கி வைத்துவிடலாம்.

நீளவாட்டு இணைப்புகள் சக்கரம் ஓடும் தடத்தில் விழாதபடி முன்பே திட்டமிடுங்கள். அடுத்த பட்டை போடும் முன் முதல் பட்டையின் ஓரத்தை ரம்பத்தால் நேராக வெட்டி, தளர்ந்ததை எடுத்து, சுத்தம் செய்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மேலடுக்கு பிரியத் தொடங்குவது பெரும்பாலும் ஓரங்களிலும் இணைப்புகளிலும்தான். சுருக்கத்தால் வரும் தூக்குவிசை அங்கேதான் குவிகிறது.

படி 7: க்யூரிங் (ஈரம் காத்து இறுகவிடுவது)

ஸ்கிரீட் நகர்ந்த 10, 15 நிமிடத்துக்குள் ஈரக் கோணி மேலே விழுந்திருக்க வேண்டும். கோணியை முன்கூட்டியே ஊறவைத்துச் சொட்டு வடிய விட்டுத் தயாராக வைத்திருங்கள். காய்ந்த கோணியை விரித்து அதன் மேல் நீர் தெளித்தால், அது முதலில் கான்கிரீட்டின் நீரைத்தான் குடிக்கும்.

இதற்குப் பிறகு வழி பிரிகிறது. சிலிக்கா ஃப்யூமுக்குக் குறைந்தது 7 நாள் இடைவிடாத ஈரம். ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் ஊற்றுவதெல்லாம் ஒப்புக்குச் செய்வது. லேட்டக்ஸுக்கு முதல் 2 நாள் ஈரம், பிறகு விரிப்பை எடுத்துவிட்டு இன்னும் 2, 3 நாள் உலரவிட வேண்டும். முதல் கட்டத்தில் சிமெண்ட் இறுகும், உலரும்போதுதான் பாலிமர் படலம் முழுமை பெறும். ஈரமாக வைத்தால் நல்லதுதானே என்று ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இருந்தால் லேட்டக்ஸுக்குச் செலவழித்ததன் பலன் தள்ளிப்போகும். உலரும் நாட்களில் மழை பெய்தால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 8: சோதித்துப் பார்ப்பது

திறப்பதற்கு முன் சங்கிலி. பொள்ளல் கேட்டால் அந்த இடத்தை வெட்டி எடுத்து மறுபடி போட வேண்டும். அப்புறம் இழுப்புச் சோதனை, ஏஎஸ்டிஎம் சி 1583 முறையில். 50 மிமீ விட்டத்தில் மேலடுக்கைத் தாண்டி அடிக் கான்கிரீட்டுக்குள் துளைத்து, எஃகு வட்டை ஒட்டி, நேராக மேலே இழுப்பார்கள். எத்தனை மெகாபாஸ்கலில் பிய்ந்தது என்பதைவிட எங்கே பிய்ந்தது என்பது அதிகம் சொல்லும். அடிக் கான்கிரீட்டின் ஆழத்தில் பிய்ந்தால் உங்கள் வேலை நன்று, பழைய தளத்தின் வலு அவ்வளவுதான். சரியாக இணைப்பில் பிய்ந்தால் சுத்தமோ ஈரமோ தவறியிருக்கிறது. இணைப்புக்குச் சில மிமீ கீழே, மெல்லிய தோலாக உரிந்து வந்தால் மில்லிங் அடித்த நுண்விரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். பசையில் விட்டால் அந்தச் சோதனை செல்லாது. ஐரோப்பியத் தரநிலை இஎன் 1504-3 கட்டமைப்புப் பழுதுபார்ப்புக்கு 1.5 அல்லது 2 மெகாபாஸ்கல் கேட்கிறது. பலவீனமான பழைய தளத்தில் 2 வராது. அங்கே பிய்ந்த இடத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

உப்பு ஊடுருவலுக்கு ஏஎஸ்டிஎம் சி 1202 சோதனை பிரபலம். 60 வோல்ட்டை 6 மணி நேரம் செலுத்தி, எத்தனை கூலம் மின்னூட்டம் கடந்தது என்று அளப்பது. 4000க்கு மேல் மோசம், 1000 முதல் 2000 நல்லது, 1000க்குக் கீழே மிக நல்லது. கால்சியம் நைட்ரைட் போன்ற துருத்தடுப்பான் கலந்திருந்தால் கான்கிரீட் நன்றாக இருந்தாலும் எண் ஏறிக் காட்டும். ஆய்வகத்தில் 500 கூலம் காட்டிய கலவை, தளத்தில் மீட்டருக்கு ஒரு விரிசலோடு கிடந்தால் அந்த 500க்கு மதிப்பில்லை. உப்புநீர் விரிசல் வழியாக நேரே கம்பிக்குப் போய்விடும்.

படி 9: திறந்த பிறகு

முதல் ஓராண்டில் வரும் விரிசல்கள்தான் பெரும்பாலானவை. மெல்லிய விரிசல்களை, நீர்போல ஓடும் மெதாக்ரைலேட் பிசினால் மேலே ஊற்றித் தேய்த்து அடைக்கலாம். விரிசல் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே தூசி நிறையும் முன், முதல் உப்புப் பருவம் வரும் முன் செய்தால் பிசின் ஆழமாக இறங்கும். கோடு போட்ட பரப்பில் பிசின் கோடுகளை அடைத்து வழுக்காதபடி மேலே மணல் தூவ வேண்டும்.

விரிவு இணைப்புகளில் நீர் புகாமல் வைத்த அடைப்புகளையும் நீர்வடியும் துளைகளையும் ஆண்டுதோறும் பாருங்கள். தளம் மேலடுக்கின் தடிப்பளவு உயர்ந்திருப்பதால் பழைய வடிகுழாயின் வாய் இப்போது குழிக்குள் இருக்கும், மண் அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கும் இடத்தில்தான் மேலடுக்கின் ஓரம் முதலில் தூக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கிலி இழுத்து, முதல் நாள் வரைபடத்தின் மேல் புதிதைப் போட்டுப் பாருங்கள். பொள்ளல் இணைப்போரங்களில் இருந்தால் அது பிடிப்பின் கோளாறு, ஓரத்தை வெட்டி மறுபடி போட்டால் தீரும். பழைய ஒட்டுகளைச் சுற்றியும், முன்பு ஹாஃப் செல் மைனஸ் 350ஐத் தாண்டிக் காட்டிய இடங்களிலும் இருந்தால் அடியில் துரு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே மேலடுக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. கம்பி மட்டம் வரை திறந்து, உப்பேறியதை எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.